கன்று ஈன்ற மாட்டுக்குச் சாணி நின்றுபோனால்... குடல் தசையின் 'கால்சியம் மடை' தரும் எச்சரிக்கை!

"மாடு கன்று போட்டு ஒரு நாள்தான் ஆகிறது. நேற்று மாலையிலிருந்து தீவனம் எடுக்கவில்லை. அசை போடவில்லை. சாணியும் போடவில்லை. வயிறு அடைத்துக்கொண்டதுபோல் தெரிகிறது. விளக்கெண்ணெய் ஊற்றலாமா?"

கறவை மாடு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு பேதி மருந்தின் பெயரை. ஆனால், கன்று ஈன்ற ஒன்றிரண்டு நாள்களுக்குள் இப்படி வயிறு நின்றுபோனால், பெரும்பாலும் உள்ளே எதுவும் அடைத்திருக்காது. குடலைத் தள்ளிவிடும் தசை சுருங்க மறுக்கிறது என்பதுதான் விஷயம். அது சுருங்குவதற்குத் தேவையான கால்சியம் ரத்தத்தில் குறைந்துபோயிருக்கும். அடுத்த சில மணி நேரத்தில் அதே மாடு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடலாம். அதற்குப் பெயர்தான் பால் காய்ச்சல்.

பெயரில்தான் காய்ச்சல். உடம்பைத் தொட்டால் காது மடல் சில்லென்று இருக்கும். உடல் வெப்பம் கூடாது, குறையவே செய்யும். நேரத்தோடு மருத்துவம் கிடைத்தால் படுத்த மாடு அன்றைக்கே எழுந்து தீவனம் தின்னும். கிடைக்காவிட்டால் ஒரே நாளில் இறந்துவிடும். பால் பணத்தை நம்பிச் சீட்டும் பள்ளிக் கட்டணமும் கட்டும் குடும்பத்துக்கு இந்தச் சில மணி நேரம் பெரிய விஷயம். கால் விழுவதற்கு முன்பே வயிறு எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது. அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளக் குடல் தசை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடல் எப்படி நகர்கிறது?

கை, கால் தசைகள் நாம் நினைத்தால் அசையும். வயிறு, குடல், கருப்பை, ரத்தக்குழாய் ஆகியவற்றின் சுவரில் இருப்பது வேறு வகைத் தசை. இதை 'மென்தசை' என்பார்கள். இது நம் கட்டளைக்குக் காத்திருக்காது. தூங்கும்போதும் வேலை செய்யும்.

குடலுக்குத் தனித் தாளம் ஒன்று உண்டு. குடல் சுவருக்குள்ளேயே தாளம் போடும் சிறப்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் விவரித்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹாலின் பெயராலேயே 'கஹால் செல்கள்' என்று அழைக்கிறார்கள். இவை சீராக மெல்லிய மின் அலைகளை எழுப்புகின்றன. மனிதருக்கு இரைப்பையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 அலை, சிறுகுடலின் தொடக்கத்தில் ஏறத்தாழ 12 அலை. மாட்டின் பெருவயிற்றுக்கு ஏற்பாடு கொஞ்சம் வேறு. அசை போடும் அந்தப் பெரிய தொட்டிக்கான கட்டளை மூளையின் அடிப்பகுதியிலிருந்து நரம்பு வழியாக வருகிறது.

கட்டளை எங்கிருந்து வந்தாலும், கடைசியில் தசைச் செல் சுருங்கியாக வேண்டும். அங்கேதான் மடைகள் வேலைக்கு வருகின்றன.

மடை திறந்தால் சுருங்கும், மூடினால் தளரும்

உப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது மின்னேற்றம் கொண்ட நுண்துகள்களாகப் பிரிகிறது. இவற்றை 'அயனிகள்' என்கிறார்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு எல்லாம் ரத்தத்தில் இப்படித்தான் கரைந்திருக்கின்றன.

ஒவ்வொரு தசைச் செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. அயனிகளால் அதைத் தாண்ட முடியாது. அவை போய்வர சவ்வில் ஆங்காங்கே புரதத்தால் ஆன வழிகள் பதிந்திருக்கின்றன. அறிவியல் இதை 'அயனிக் கால்வாய்' என்கிறது. ஏரி மதகைப்போல் இதற்குக் கதவும் உண்டு. சோடியத்துக்கு ஒரு மடை, பொட்டாசியத்துக்கு ஒரு மடை, கால்சியத்துக்கு ஒரு மடை என்று பெரும்பாலும் தனித்தனி.

ஏரியில் தண்ணீர் உயர்ந்து நிற்க, கீழே வயல் காய்ந்து கிடப்பதுபோல்தான் செல்லின் நிலையும். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. மின் அலை வந்து சேர்ந்ததும் கால்சியம் மடைகள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது. உள்ளே போன கால்சியம் 'கால்மோடுலின்' என்ற புரதத்தோடு சேர்ந்து, தசை இழைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வழுக்கி இழுக்கும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. தசை சுருங்குகிறது. குடலில் உள்ளது நகர்கிறது.

அடுத்து பொட்டாசியம் மடைகள் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேறுவதால் மின் அலை இறங்குகிறது, கால்சியம் மடை மூடிக்கொள்கிறது. உள்ளே வந்த கால்சியத்தைச் செல் வெளியே இறைத்துவிடுகிறது. தசை தளர்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால்தான் தின்ற புல் சாணியாக வெளியே வரும்.

ஏரியில் தண்ணீரே இல்லாதபோது மதகைத் திறந்து என்ன பயன்? ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டால், கட்டளை வரும், மடையும் திறக்கும். உள்ளே பாயப் போதிய கால்சியம்தான் இருக்காது.

குழாய்த் தண்ணீர் சொல்லிக்கொடுத்த பாடம்

தசைக்குக் கால்சியம் வேண்டும் என்பது தெரியவந்ததே ஒரு தவறால்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். சோடியம், பொட்டாசியம் உப்புகள் கலந்த கரைசலிலேயே இதயம் நன்றாகத் துடிப்பதாக 1882-ல் எழுதினார். பிறகுதான், காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் அந்தக் கரைசல் தயாரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சுத்தமான நீரில் தயாரித்தபோது இதயம் சீக்கிரமே நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது. 1883-ல் தன் தவற்றைத் திருத்தி ரிங்கர் வெளியிட்டார்.

இன்றைக்கு மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றும் 'ஆர்.எல்.' பாட்டிலில் இருக்கும் 'ரிங்கர்' அவர்தான். அவருடைய கரைசலில் 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹார்ட்மன் லாக்டேட்டைச் சேர்க்க, அது 'ரிங்கர்ஸ் லாக்டேட்' ஆனது.

சீம்பாலோடு போகும் கால்சியம்

மாட்டின் எலும்பில் கிலோ கணக்கில் கால்சியம் இருக்கிறது. ஆனால், ஒரு நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பது மொத்தமே ஏறத்தாழ 3 கிராம்தான். சாதாரண பாலில் லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம் கால்சியம் இருக்கும். சீம்பாலிலோ 2 கிராமுக்கு மேல். 5 லிட்டர் சீம்பால் கறந்தால் 10 கிராம் கால்சியம் வெளியே போகிறது. ரத்தத்தில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு! கன்று போடும் முதல் நாள்வரை பால் வற்றி, சும்மா இருந்த உடம்புக்கு ஒரே நாளில் இவ்வளவு செலவு.

இந்தச் செலவை ஈடுகட்ட உடம்பில் வழி இருக்கிறது. கழுத்தில், தைராய்டை ஒட்டி இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ரத்தத்தில் கால்சியம் குறைவதை உடனே கண்டுகொள்ளும். அவை சுரக்கும் இயக்குநீர் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் சொல்லும். சிறுநீரகம் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும். அந்த வைட்டமின், குடல் சுவரின் உட்பக்கத்தில் கால்சியத்தை உறிஞ்சும் மடைகளைக் கூட்டும். ஆக, தீவனத்திலிருக்கும் கால்சியம் ரத்தத்துக்கு வருவதும் மடை வழியாகத்தான். இந்த ஏற்பாடு முழு வேகம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் மாடு விழுகிறது.

நல்ல நிலையில் 100 மில்லி ரத்தத்தில் 8.5 முதல் 10 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். படுத்துவிட்ட மாட்டில் இது 5 மில்லிகிராம் அளவுக்கு அல்லது அதற்கும் கீழே இறங்கியிருக்கும். முதல் ஈற்றில் இது அபூர்வம். மூன்றாம் ஈற்றிலிருந்து ஆபத்து கூடும். வயது ஏற ஏற எலும்பு கால்சியத்தை விட்டுக்கொடுப்பது மெதுவாகும், பாலோ கூடும். ஜெர்சி இன மாடுகளின் குடலில் வைட்டமின் டி-யின் செய்தியை வாங்கும் ஏற்பிகள் குறைவு. அதனால் அவை இன்னும் எளிதாக இதில் மாட்டும். ஜெர்சி கலப்பின மாடுகள் நிறைந்த தமிழ்நாட்டில் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

காலுக்கு முன்னால் வயிறு

கால் தசைகள் தாங்கள் சுருங்கத் தேவையான கால்சியத்தைச் செல்லுக்குள்ளேயே ஒரு கிட்டங்கியில் சேமித்து வைத்திருக்கின்றன. அந்தத் தசைக்குச் செய்தி சொல்லும் நரம்பு முனைக்குத்தான் வெளிக் கால்சியம் வேண்டும். குடல், வயிற்றுத் தசைகளின் கிட்டங்கி சிறியது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வெளியிலிருந்து மடை வழியே வரும் கால்சியத்தையே அவை பெரிதும் நம்பியிருக்கின்றன. அதனால் ரத்தத்தில் கால்சியம் இறங்கத் தொடங்கியதும், மாடு நின்றுகொண்டிருக்கும்போதே பெருவயிற்றின் அசைவு குறைந்துவிடுகிறது.

இதில் ஒரு விஷச் சுழலும் இருக்கிறது. வயிறு நின்றால் மாடு தின்னாது. தின்னாவிட்டால் கால்சியமும் பொட்டாசியமும் உள்ளே வராது. அவை வராவிட்டால் வயிறு இன்னும் சோரும்.

கருப்பையும் மென்தசைதான். கால்சியம் குறைந்தால் ஈற்று இழுத்துக்கொண்டே போகும், நஞ்சுக்கொடி தங்கும், சில மாடுகளுக்கு அடிதள்ளும். காம்பின் நுனியை இறுக்கி மூடி வைப்பதும் மென்தசையே. அது தளர்ந்தால் கிருமி உள்ளே போய் மடிநோய் வரும். நான்காவது வயிறு தளர்ந்து வாயு சேர்ந்தால், அது இடம் மாறி மேலே மிதக்கும். அறுவை சிகிச்சைவரை போக வேண்டியிருக்கும். கன்று ஈன்றபின் தனித்தனி நோயாகத் தெரியும் இவை பலவற்றின் பின்னணியில் இந்த ஒரே குறை ஒளிந்திருப்பதுண்டு.

மடியில் காற்றடித்த காலம்

பால் காய்ச்சலுக்குக் காரணம் தெரியாத காலத்தில் மாடுகள் கொத்துக்கொத்தாக இறந்தன. 1897-ல் டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் ஷ்மிட், மடியில்தான் நோய் இருக்கிறது என்று நினைத்து, காம்பு வழியே மருந்துக் கரைசலைச் செலுத்தினார். பல மாடுகள் எழுந்துகொண்டன. பிறகு வெறும் காற்றை அடித்தாலே போதும் என்று தெரிந்தது. காற்றின் அழுத்தத்தால் பால் சுரப்பது நிற்கிறது, கால்சியம் ரத்தத்திலேயே தங்குகிறது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1925-ல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் ட்ரையர், கிரெய்க் ஆகியோர் நோயின் காரணம் ரத்தத்தில் கால்சியம் குறைவதுதான் என்று நிறுவினார்கள். அதன்பின் கால்சியம் போரோகுளுகோனேட் ஊசி வழக்கத்துக்கு வந்தது.

காற்றடிக்கும் வைத்தியத்தை இப்போது வீட்டில் யாரும் முயலக் கூடாது. மடி கெட்டுப்போகும்.

கையை வைத்துப் பாருங்கள்

கன்று ஈன்ற முதல் 3 நாள்களுக்குத் தினம் இரண்டு வேளை இந்தச் சோதனையைச் செய்யலாம். செலவு இல்லை.

மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். கையை மடக்கி, முஷ்டியை அங்கே மெதுவாக அழுத்தி வையுங்கள். உள்ளே அலை எழுந்து கையை வெளியே தள்ளிவிட்டு இறங்கும். நலமான மாட்டில் 2 நிமிடத்தில் ஏறக்குறைய 3 தடவை இப்படித் தள்ளும். ஒன்றுகூட இல்லை, அல்லது தள்ளுவதில் வலுவே இல்லை என்றால் ஏதோ சரியில்லை. கன்று ஈனுவதற்கு முன்பே சில நாள்கள் இப்படிப் பார்த்துப் பழகினால், அந்த மாட்டின் இயல்பு கைக்குத் தெரிந்துவிடும்.

இவற்றோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை: காது மடல் குளிர்ச்சி, மூக்கு நுனியில் வியர்வை இல்லாமல் காய்ந்திருத்தல், சாணி குறைந்து கெட்டிப்படுதல், தோள், தொடைச் சதை நடுங்குதல், பின்னங்கால் தள்ளாடுதல். மாடு படுத்துத் தலையை விலாப் பக்கம் மடக்கி வைத்துக்கொண்டால் நோய் முற்றத் தொடங்கிவிட்டது. தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மருத்துவர் வரும்வரை

* படுத்த மாட்டை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, வைக்கோல் மூட்டையை இரு பக்கமும் அணை கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பிவிடும்.

* தரையில் வைக்கோலை மெத்தையாகப் பரப்புங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். ஒரே பக்கம் கிடந்தால் உடல் எடையே கால் சதையை நசுக்கிவிடும். கால்சியம் ஏறிய பிறகும் மாடு எழ முடியாமல் போக இதுவும் ஒரு காரணம்.

* வெயிலிலும் மழையிலும் கிடக்க விடாதீர்கள்.

* வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இந்த நிலையில் மாட்டால் சரியாக விழுங்க முடியாது. மூங்கில் குழாயில் ஊற்றும் எண்ணெயோ கஷாயமோ புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். கால்சியத்தால் பிழைத்திருக்க வேண்டிய மாடு நிமோனியாவில் சாகும்.

* கால்சியம் பாட்டிலை வாங்கி நீங்களே நரம்பில் ஏற்றாதீர்கள். இதயத் தசையும் இதே கால்சியம் மடைகளால்தான் துடிக்கிறது. வேகமாக ஏற்றினால் தாளம் தப்பி, இதயம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் மருத்துவர் ஒரு கையில் பாட்டிலும் காதில் ஸ்டெதாஸ்கோப்புமாக மெதுவாக ஏற்றுகிறார்.

பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மாடு ஏப்பம் விடும். சதை நடுங்கும். மூக்கு நுனியில் வியர்வை அரும்பும். பிறகு சாணி போடும். இவை நல்ல அறிகுறிகள். எழுந்த மாடு 2 நாள்களுக்குள் மறுபடி படுக்கலாம். மருத்துவர் கொடுக்கும் கால்சியம் ஜெல்லை, மாடு நன்றாக விழுங்கும் நிலைக்கு வந்தபின், அவர் சொன்ன நேரத்தில் தவறாமல் கொடுக்க வேண்டும்.

வரும் முன் காக்க

சினை மாட்டுக்குக் கடைசி மாதத்தில் கால்சியம் டானிக் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவது பலருடைய வழக்கம். அக்கறையில் செய்யும் இந்த வேலை எதிர்மாறான பலனைத் தரும். தீவனத்திலேயே தாராளமாகக் கால்சியம் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுக்கும் ஏற்பாடும், குடல் மடைகளைக் கூட்டும் ஏற்பாடும் சோம்பேறியாகிவிடும். திடீரென்று சீம்பால் சுரக்கும்போது அவற்றால் ஈடுகொடுக்க முடியாது.

ஆகவே, கடைசி 3 வாரங்களில் குதிரைமசால், வேலிமசால், அகத்திபோன்ற கால்சியம் மிகுந்த தழைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சோளத்தட்டை, புல் ஆகியவற்றை முதன்மையாகக் கொடுக்கலாம். ஆனால், தொழுவக் கழுவுநீர் தொடர்ந்து பாயும் புல்லைத் தவிர்ப்பது நல்லது. அதில் பொட்டாசியம் மிகுந்திருக்கும். அது ரத்தத்தைக் காரத்தன்மைப் பக்கம் தள்ளி, பாராதைராய்டின் கட்டளைக்கு எலும்பும் சிறுநீரகமும் சரியாகச் செவிசாய்க்காமல் செய்துவிடும். மெக்னீசியம் குறைந்தாலும் இதே தொல்லைதான்.

முந்தைய ஈற்றில் படுத்த மாடு, அடுத்த ஈற்றிலும் படுக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட மாட்டுக்கு எதிரயனி உப்புக் கலவை, வைட்டமின் டி ஊசி, ஈன்றவுடன் கால்சியம் ஜெல் எனப் பல வழிகள் இருக்கின்றன. எது, எவ்வளவு, எந்த நாளில் என்பதை மருத்துவரிடம் ஈற்றுத் தேதியைச் சொல்லி முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கன்று ஈன்ற பிறகு நிலைமை தலைகீழ். அப்போது கால்சியமும் தாது உப்புக் கலவையும் தாராளமாகத் தேவை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: விளக்கெண்ணெய் குடல் தசையைத் தூண்டும்தானே? கொடுத்தால் என்ன?

பதில்: விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையைத் தூண்டும் என்பது உண்மை. ஆனால், தூண்டினாலும் சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும். கன்று ஈன்ற மாட்டில் குறைவது அதுதான். எண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் மாடு படுத்துவிடும்.

கேள்வி: சுண்ணாம்புத் தெளிநீரில் கால்சியம் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் போதாதா?

பதில்: சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டர் தெளிநீரில் 1 கிராமுக்கும் குறைவான கால்சியம்தான் இருக்கும். ஈன்ற மாட்டுக்குக் கொடுக்கும் கால்சியம் ஜெல்லில் ஒரு வேளைக்கு 40 முதல் 50 கிராம்வரை இருக்கிறது. படுத்த மாட்டைத் தெளிநீரால் காப்பாற்ற முடியாது.

கேள்வி: ஆர்.எல். பாட்டிலிலும் கால்சியம் உண்டு என்கிறார்கள். அதை ஏற்றலாமா?

பதில்: ஒரு லிட்டர் ஆர்.எல்.-ல் இருக்கும் கால்சியம் 0.1 கிராமுக்கும் குறைவு. மருத்துவர் ஏற்றும் 450 மில்லி கால்சியம் போரோகுளுகோனேட் பாட்டிலில் ஏறத்தாழ 8 கிராம். முன்னது நீரிழப்புக்கு, பின்னது பால் காய்ச்சலுக்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கேள்வி: ஆடுகளுக்கும் எருமைக்கும் இது வருமா?

பதில்: வரும். எருமைக்கு மாட்டைப்போலவே ஈன்ற பிறகு வரும். செம்மறி ஆட்டுக்குப் பெரும்பாலும் குட்டி போடுவதற்கு முந்தைய வாரங்களிலேயே வரும். இரண்டு, மூன்று குட்டி சுமக்கும் ஆடு தள்ளாடிப் படுத்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பூச்சிக்கொல்லி தெளித்த வரப்புப் புல்லை மேய்ந்த மாட்டுக்கு எச்சில் ஒழுகி, கழிச்சல் நிற்காமல் போகிறது. இதுவும் குடல் தசைக் கோளாறா?

பதில்: ஆம், ஆனால் நேர் எதிரானது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள், நரம்பின் கட்டளையைக் கொண்டுவரும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை அழியவிடாமல் செய்துவிடும். கட்டளை ஓயாததால் குடல் தசை சுருங்கிக்கொண்டே இருக்கும். இது உயிராபத்து. அட்ரோபின் ஊசி போட வேண்டியிருக்கும். மருந்து டப்பாவின் பெயர்ச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் பெரியவர் ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து மலச்சிக்கல் என்கிறார். இதற்கும் கால்சியம் மடைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். அம்லோடிபின், நிஃபெடிபின், வெராபமில் போன்ற மாத்திரைகள் கால்சியம் மடைகளை ஓரளவு மூடித்தான் ரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. அதே வகை மடைகள் குடலிலும் இருப்பதால், குறிப்பாக வெராபமில் சாப்பிடுபவர்களுக்கு மலச்சிக்கல் வருவதுண்டு. மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறிவிடும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால், வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார். மலச்சிக்கலுக்கு வேறு காரணம் இருந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.